கல்லுத்தோணி விவகாரம்

மேற்பிரிவு,
டயகம.
25-10-1954

கொட்டகலையில் மதிப்போடு வாழும் சம்பந்தி செல்லசாமி அவர்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். வழக்கம் என்பதால் அப்படி எழுதினேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, என் சம்சாரம் அழகம்மா என்னோடு பேசுவதில்லை, மகள் நாகலெட்சுமி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். மற்றபடி சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் தம்பி அழகன் ஊர் திரும்பி என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. என்ன சொல்லியிருந்தாலும் தை மாதம் வைத்த கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தப்பு என்னுடையது. பிள்ளை என்ன செய்வாள்?

இரண்டு குடும்பமும் பழகினமாதிரி இருக்கும், அநுராதபுரம் போய் வாருங்கள் என்று யோசனை சொன்னவர் நீங்கள். கடைசி நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் நீங்கள். உங்களுக்குப் பதிலாக வந்த தம்பி நல்ல மனுசன்தான், தொப்பியெல்லாம் போட்டு, இதற்கு முன் இரண்டு தடவை போன இடம் என்று நாங்கள் வாடகைக்குப் பிடித்த பாவா நானாவின் பஸ்ஸில் ஏறினதிலிருந்து ராசாக்கள் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். போய் இறங்கினால், ஒரே கல் தூணாக நிற்கிறது ஐயா! ராசா துறவிகளுக்குக் கட்டின மாளிகையாம், ஆயிரத்து அறுநூறு தூண் என்றார். யார் எண்ணினது என்று கேட்டேன். எல்லாரும் சொல்றாங்க மச்சான் என்றார். முப்பது வருடம் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணினவனிடம் இப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? எண்ண ஆரம்பித்துவிட்டேன். வரிசை ஒன்று நேராக இல்லை. சில தூண் சாய்ந்து நிற்கிறது, சில தூண் படுத்தே விட்டது. பழக்கதோஷத்தில் ஒரு தூணைப் பார்த்து, "ஏய், நிமிந்து நில்லு!" என்று அதட்டியும் விட்டேன். நானூற்றுப் பன்னிரண்டாவது தூணில் அழகம்மா சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "ஏங்க, இந்த லயத்துல ஒரு காம்பராவுக்குக்கூடக் கூரை இல்லையே, சனங்க மழைக்கு எங்கங்க போனாங்க?" என்று, நம் தோட்டத்து வரிசை வீடு என்றே நினைத்துக் கேட்டாள். கணக்கு விட்டுப்போயிற்று. அந்தக் கோபம் எனக்கு உள்ளே இருந்தது, அதையும் நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

அதற்கு முந்தின வாரம்தான் பிரஜாவுரிமை விசாரணைக்குப் போய், அப்பன் பிறந்த தேதி, ஆத்தாள் பிறந்த தேதி என்று கேட்டதற்கெல்லாம் கையைப் பிசைந்துவிட்டு வந்திருந்தேன். இந்த நாட்டில் நம்மைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறதே, கப்பல் டிக்கெட்டோடு வந்தவன் பிள்ளையையும் திருட்டுப் படகில் வந்தவனாக்குகிற வார்த்தை, கள்ளத்தோணி, அது காதிலேயே நின்றது.

இந்த நிலைமையில், கால் வலிக்கிறதே என்று ஒரு கல்லில் சாய்ந்து நிற்கிறேன். உங்கள் தம்பி என் பக்கம் கையை நீட்டி, பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கேட்க, "இதா நிக்கிது பாருங்க, கல்லுத்தோணி! ரொம்பப் பழசு. அந்தக் காலத்துல எம்புட்டுச் சோறு கொட்டினாலும் தாங்குமாம். இப்ப உள்ள ஒண்ணும் கெடையாது" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"யாரைப் பாத்துடா சொல்ற?" என்று குடையால் ஒரு தட்டுத் தட்டினேன். தொப்பி பறந்தது. "எங்கப்பன் மண்டபம் கேம்ப்ல அம்மை குத்திக்கிட்டுத் தலைமன்னார்ல டிக்கெட்டோட எறங்குனவன்டா!" என்று கத்தினேன். அப்பன் செத்து இருபது வருடம், காட்ட அவருடைய அம்மைகுத்தின தழும்பு இல்லை. அதனால் சட்டையைக் கழற்றி, டயகம டிஸ்பென்சரியில் குத்தின என் தழும்பைக் காட்டினேன். வெள்ளை உடுத்திக் கும்பிட வந்த சிங்களச் சனம் கூடிவிட்டது. ஒரு அம்மா, எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, "அனே பவ்!" என்று இரக்கப்பட்டு, கொண்டுவந்த தண்ணீரை என் தலையில் ஊற்றினார். அப்போதுதான் அழகம்மா, "அட மானங்கெட்ட மனுசா, பின்னால திரும்பிப் பாரு!" என்றாள். பார்த்தேன். நான் சாய்ந்திருந்தது படகுமாதிரி நீளமான கல்தொட்டி. அந்தக் காலத்தில் புத்தத் துறவிகளுக்குச் சோறு போட்டுவைத்ததாம். அதில் தேங்கின மழைத்தண்ணீரில் உங்கள் தம்பியின் தொப்பி மிதந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு உங்கள் தம்பியின் ராசாக்கள் கதை நின்றுவிட்டது. கண்டி வரைக்கும் ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டே வந்தார். இறம்பொடையில் பாவா நானா பஸ்ஸை நிறுத்தி, "ரெண்டு பேரும் ஒரு பிளேன்டி குடிச்சு ராசியாகுங்க" என்றார். உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் அருவியைப் பார்த்துக்கொண்டு அந்தத் தேத்தண்ணியைக் குடித்தார். பெரிய மனுசனை நான் அவமானப்படுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தட்டு வரிசையோடு வந்து, சபையில் அவர் காலில் விழவும் தயார். என் பிள்ளையின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது.

உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. கொழுந்தம்மன் துணையால் உங்கள் வீடும் முழங்காலும் நன்றாக இருக்கட்டும்.

பணிவுள்ள,
முத்துலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தம்பியே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நிற்கிறார். "மன்னிச்சிக்குங்க மச்சான். கல்லைக் காட்டினாலும் உங்களத்தான் சொன்னேன். மச்சான் முறைக்கு ஒரு கேலி பண்ணலாம்னு பாத்தேன், இம்புட்டுச் சுளுவாக் கண்டுபிடிப்பீங்கன்னு நெனைக்கல" என்கிறார். ஆகவே மேலே எழுதின மன்னிப்பு முழுவதும் ரத்து. ஞாயிறு வருவேன், தட்டு வரும், காலில் விழுவது கிடையாது. நன்றாகத் திட்டினேன். சிரித்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர் பிறகு, "என் பிரஜாவுரிமை மனுவப் போன மாசம் தள்ளிட்டாங்க மச்சான், அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. கந்தோர்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தன் நம்மளச் சொல்ற அந்த வார்த்தையச் சொன்னான், பேசாம எறங்கி வந்துட்டேன். நீங்க கொடையத் தூக்கினப்ப, அடி என்னோட மண்டையில விழுந்தாலும் மனசு குளுந்துபோச்சு" என்றார். இதை நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அவரை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லி அவரை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டாம். அவர் என் பக்கத்தில்தான் உட்காருவார்.