தாதர் சாரும் சத்தம் போடாத பௌர்ணமியும்

திருவண்ணாமலைக்கு வந்து தங்குகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருவார்கள். வேலையை, குடும்பத்தை, சிலர் செருப்பைக்கூட. ஒரு பெருநகரத்தையே முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்த ஒரே மனிதர் எங்கள் தாதர் சார்தான்.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் அவர் கீழ் போர்ஷன், நான் மாடி. பம்பாய் ஓட்டல் ஒன்றில் காலமெல்லாம் பியானோ வாசித்தவர். தட்டைத் தவிர வேறெதையும் யாரும் கவனிக்காத இடம். ஓய்வு பெற்றதும் பம்பாயைப் பற்றித் தனி ஆளாக, வெறும் பியானோவில், ஒரு ஜாஸ் ஆல்பம் செய்தே தீருவது என்று இங்கே வந்துவிட்டார்.

"பாம்பேயப் பத்தின்னா பாம்பேலயே உக்காந்து பண்ணலாமே சார்?" என்று கேட்டேன்.

"கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கினு மூஞ்சி பாக்க முடியுமாங்க?" என்றார்.

பியானோ அவருடையது அல்ல. முன்பு அந்த வீட்டில் இருந்த ஜெர்மன் அம்மாள் விட்டுப்போனது. அதை மாடியேற்றப் பார்த்து, படிக்கட்டில் சிக்கி, நான்கு பேர் தோளைப் பெயர்த்துக்கொண்டு, கடைசியில் கீழேயே வைத்தார்கள். வாசிக்கும்போது இடது கை ரயில் மாதிரி ஓட, அவர் வாய் "தாதர்... தாதர்..." என்று முணுமுணுக்கும். அது பம்பாயில் ஒரு ரயில் நிலையமாம். அதுவே அவர் பெயராகிவிட்டது.

என் இசை ஞானத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டு விழாவில் முக்கோணக் கம்பியை ஒரே ஒரு தடவை தட்டவேண்டும். தட்டினேன், பாட்டு முடிந்த பிறகு. அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். படபடவென்று மழை. அலறியடித்து மொட்டைமாடிக்கு ஓடி, காய்ந்த துணியையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தால், மலைக்கு மேலே பளீரென்று வெயில்! கீழே தாதர் சார் தன் ஆல்பத்திலிருந்து 'ஜூலை மழை' என்ற உருப்படியை வாசித்துக்கொண்டிருந்தார். கையில் ஈரமில்லாத துணியோடு, உடம்பெல்லாம் சிலிர்த்து, அப்படியே நின்றேன்.

எதிரே டீக்கடை செல்வி அக்கா மட்டும் பயப்படாமல் கேட்பாள்: "நடுவுல ஒரு கட்டை தப்பா விழுதே சார்?"

"விழட்டும்மா. பாம்பேல பாதிப் பேரு தப்பான பிளாட்பாரத்துலதான் நிப்பாங்க. வண்டி வந்தா சரியாயிடும்."

எல்லாம் ரெக்கார்டிங் ஆகிவிட்டது, கடைசி உருப்படியைத் தவிர. அதை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு, "இன்னும் வரல" என்று எழுந்துவிடுவார். இதற்குள் ஜெர்மன் அம்மாளிடமிருந்து தகவல்: பௌர்ணமிக்கு மறுநாள் காலை பியானோ புதுச்சேரிக்குப் போகிறது. நான் கீழே ஓடிப்போய்க் கேட்டேன். அவரோ அசையவில்லை. "பௌர்ணமி அன்னைக்கு சாயங்காலம் எடுத்துடுவேன். அன்னைக்குத்தான் சரியா வரும்" என்றார்.

நல்ல நாள் பார்க்கிறார் என்று தெருவே முடிவு கட்டியது. ஆனால் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் எங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கி மிதித்துத் தள்ளுமே! அந்த இரைச்சலில் எப்படி ரெக்கார்டிங்? பொறுப்பை நான் ஏற்றேன். யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் ஏற்றேன்.

அன்று சாயங்காலம் செல்வி அக்கா பாய்லரை அணைத்தாள். ஆட்டோ பழனி இன்ஜினை நிறுத்தி, சவாரியை உள்ளே வைத்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அன்னதானப் பந்தலில் "சாம்பார் வேணுமா?" என்பதைக் காதோடு காதாகக் கேட்டார்கள். நான் தெருமுனையில் அட்டை பிடித்து நின்றேன்: 'ஒலிப்பதிவு நடக்கிறது. அரோகராவை மனதுக்குள் சொல்லவும்.' மௌன விரதம் என்று நினைத்து வெள்ளைக்காரர் இருவர் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்கள்.

தாதர் சார் வெளியே ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "யாரு தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல சார்," என்று கிசுகிசுத்தேன். "உங்களுக்காகத்தான்."

"ஐயோ! எனக்குக் கூட்டம் வேணுங்க! ஆபீஸ் விட்ட நேரத்து பாம்பே ஸ்டேஷன் இந்த ஊருக்கு பௌர்ணமிக்குத்தானே வருது? அதைக் கேட்டுக்கினே வாசிக்கத்தான் காத்துக்கினு இருந்தேன். காலைல பியானோ போயிடும்!"

உடனே அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு "அரோகரா!" என்று கத்தினேன்.

"நடிக்காதீங்க" என்றார்.

சத்தம் போடு என்றால் யாருக்கு வரும்? தெருவே கல்யாணப் பெண் மாதிரி நெளிந்தது. நல்லவேளையாக, பழனி தள்ளிய ஆட்டோ செல்வி அக்காவின் பால் கேனை இடித்துக் கவிழ்த்தது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது உனக்கு?"

"கேனை ரோட்டுல வச்சது யாருக்கா?"

விலக்க வந்தவர்கள் தனியாக ஒரு சண்டை போட்டார்கள். பின்னால் தேங்கிய கூட்டம் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று முட்டியது. தாதர் சார் ஜன்னல்களைத் திறந்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

அன்று கேட்டதை எழுத எனக்கு வக்கில்லை. இடது கையில் ரயில் வந்தது. வலது கையில் ஆயிரம் பேர் முண்டியடித்து ஏறினார்கள், ஒருவர் காலையும் ஒருவர் மிதிக்காமல். பழனியின் ஹாரன் அலறியது. அதே சுரத்தை அவர் பிடித்துக்கொண்டு, அதற்கும் ஒரு சீட் போட்டுக் கொடுத்தார். சண்டை தானாக நின்றது. நடந்தவர்கள் நின்றார்கள். மலைக்குப் போகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து ஏன் கைகூப்பினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"இதான் பாம்பேயாக்கா?" என்றான் பழனி மெதுவாக. "நம்ம தெரு மாதிரியே கீது."

காலையில் பியானோ போனது. கொஞ்ச நாளில், அதன் பின்னாலேயே அவரும் புதுச்சேரிக்குப் போய்விட்டார். ஆல்பம் என் போனில் இருக்கிறது. கடைசி சுரம் அடங்கியதும் "சார், டீ ஆறுது!" என்று செல்வி அக்காவின் குரல் கேட்கும். அதை அவர் வெட்டவில்லை.

கீழ் போர்ஷனுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் நான் இப்போதெல்லாம் துணி எடுக்க ஓடுவதில்லை. முதலில் கீழே எட்டிப் பார்க்கிறேன். துணியெல்லாம் நனைகிறது. நனையட்டும்.