நாப்பது மீட்டர் பெட்டி

பெட்டிமேல நாப்பது மீட்டர்னு போட்டிருந்தது. அதுதான் அல்தாப்புக்குச் சிக்கல்.

"அருவி எத்தன மீட்டர்லே இருக்கும்?"னு கூட வந்த மணிமுத்துகிட்ட மெல்லக் கேட்டான்.

"மெயின் அருவி அறுவதுக்கு மேலன்னு எங்க மாமா சொல்லுவாரு."

"அப்பம் பத்தாதேலே."

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு செல்போன் கடை. தண்ணிக்குள்ள படம் எடுக்க கேமராவ எதுல போட்டு மூடணும்னு கேட்டதுக்கு, கவுண்டர்ல நின்ன வேல்விழி அக்கா மூணு சாமான எடுத்து வச்சிருந்தா. ஒண்ணு ஜிப்பு வச்ச பை. ஒண்ணு டிபன் பாக்ஸ் கணக்கா மெல்லிசு டப்பா. மூணாவது இந்தக் கண்ணாடிப் பெட்டி. சுத்தி ரப்பர், பக்கத்துல இறுக்குத கொக்கி, மேல ஒரு பட்டன்.

"தம்பி, அது ஆழத்துக்குப் போட்டிருக்கு. ஒசரத்துக்கு இல்ல."

"அருவில ஆழம் எங்கக்கா இருக்கு? மேல இருந்துல்லா விழுது"ன்னான் மணிமுத்து.

வேல்விழி பையையும் டப்பாவையும் எடுத்து உள்ள வச்சா. பெறவு சொன்னா: "நீங்க புலியருவிக்குப் போங்க. அது சின்னது."

அது நியாயமாப் பட்டது. பெட்டிய வாங்கிட்டாங்க.

கேமரா அல்தாப்போடது இல்ல. உவைஸ் மச்சான் தோஹாவுல இருந்து கொண்டாந்தது. அக்கா மிஸ்ரியாவுக்குக் கல்யாணம் முடிஞ்சு இன்னும் மருதாணிகூட முழுசாப் போவல. போன வாரம் எல்லாரும் சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது மச்சான் தொண்டயச் செருமிட்டுச் சொன்னாரு: "என் கேமராவ யாரும் தொடக்கூடாது. முக்கியமா அருவிக்குக் கொண்டுபோவக் கூடாது." சொல்லிட்டு அத டிவிக்குப் பக்கத்துல, கை எட்டுத தட்டுல வச்சாரு.

உம்மா அல்தாப்ப அடுப்படிக்குக் கூப்பிட்டா. "புது மாப்பிள்ள சாமான். அதுக்கு ஒன்னால ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க அக்கா வாழ்க்கைலதாம்லே இடி விழும். வெளங்குதா?"

வெளங்குச்சு. ஆனா தொடாதன்னு சொன்ன பொருளு கண்ணு முன்னாலயே இருந்தா கை எத்தன நாளைக்குச் சும்மா இருக்கும்? ஒரு வாரம் இருந்தது. வீட்ல ஆன் பண்ணிப் பாக்கவும் பயம். ஆன் பண்ணா மச்சான் போனுக்குத் தகவல் போயிரும்னு மணிமுத்து சொல்லியிருந்தான். அருவில டவர் எடுக்காது, அங்கன போய் ஆன் பண்ணிக்கிடலாம்னும் அவன்தான் சொன்னான்.

அன்னைக்கு அக்காவும் மச்சானும் சுரண்டைக்கு விருந்துக்குப் போயிட்டாவ. இவங்க ரெண்டு பேரும் புலியருவிக்குப் போனாங்க.

பெட்டிக்குள்ள கேமராவ வச்சு, கொக்கிய இறுக்கி, அல்தாப் பட்டன அமுக்குனான். ஒண்ணும் வரல. மறுபடி அமுக்குனான். ஒரு வெளிச்சமும் இல்ல.

"பட்டன் உள்ள எட்டலலே. பெட்டி சரியில்ல"ன்னான் மணிமுத்து.

செருப்புல இருந்து ஒரு துண்டு ரப்பரக் கிள்ளி, வாயில கெடந்த பபுள்கம்ம வச்சு பட்டனுக்கு அடியில ஒட்டுனான். இப்பம் பட்டன் எட்டுச்சு, மூடி மூடல.

எண்ணெ தேச்சுவிடுத ஆளு ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாரு. "என்னடே, மூட மாட்டேங்குதா? இந்தா, ரெண்டு சொட்டு எண்ணெ விடு. எண்ணெ விட்டா எதுவும் வழிக்கு வரும்."

ரெண்டு சொட்டுன்னவரு உள்ளங்கை நெறய ஊத்துனாரு. பெட்டி மூடிருச்சு. ஆனா அருவிக்குள்ள கால வச்ச ஒடனே, எண்ணெக் கையில இருந்து மீன் கணக்கா வழுக்கிட்டுப் போயி, பாறையில ரெண்டு தட்டுத் தட்டி, தண்ணிக்குள்ள விழுந்துட்டு. கீழ குளிச்சிட்டு இருந்த ஒரு அம்மா எடுத்துட்டு வந்து குடுத்தா. "தம்பி, ஒங்க மீன் தொட்டியா இது?"

உள்ள பாதி மட்டும் தண்ணி. அதுல கேமரா அமைதியாப் படுத்திருந்தது.

தெறக்கப் பாத்தா தெறக்கல. எண்ணெ பட்ட ரப்பர் உப்பிப்போயிருந்தது. மணிமுத்து ஒரு கல்ல எடுத்துத் தட்டுனான். கொக்கி ஒடஞ்சது. பெட்டி தெறக்கல.

"அரிசிக்குள்ள பொதைச்சா தண்ணிய இழுத்துரும்"ன்னான்.

"பெட்டி மூடியிருக்கு. அரிசி எப்பிடிலே இழுக்கும்?"

"அரிசிக்கு அது தெரியவா போவுது?"

வீட்டுக்கு வந்து அரிசி டின்னுல பொதைச்சாங்க. கொஞ்ச நேரத்துல உம்மா உழக்கோட வந்தா. அல்தாப் பாஞ்சு போயி, "நான் அளந்து தாரேன் உம்மா"ன்னான். பெறந்ததுல இருந்து அந்த வார்த்தைய அவன் சொன்னதே இல்ல. உம்மா அவன் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, "காய்ச்சல் இல்லியே"ன்னா.

அடுத்தாப்புல அக்காவோட முடி காய வைக்குத மெஷின். சூட்டுக் காத்து பட்டதும் பெட்டிக்குள்ள ஆவி கெளம்பி, இட்லிச் சட்டி மாதிரி ஆயிட்டு.

அந்நேரம் மச்சான் போன் பண்ணுனாரு.

"மாப்ள, இன்னைக்கு அருவிக்கு எங்கயும் போனியா?"

"இல்ல மச்சான்."

"போவலயா?" மச்சான் கொரலு அப்பிடியே கீழ எறங்கிட்டு. "சரி. கெளம்பிட்டோம். இப்பம் வந்துருவோம்."

அந்தக் கொரல்லயே அல்தாப்புக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. அக்கா பெட்டி படுக்கயக் கட்டிட்டு வந்து வாசல்ல நிக்குத மாதிரி தெரிஞ்சது. உம்மா எதுவும் பேசாம அவளப் பாத்துக்கிட்டே இருக்குத மாதிரியும். அதுதான் ரொம்பப் பயமா இருந்தது.

தென்காசில அந்த மாதிரி கேமராவப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவரு ஏசுதாசன் அண்ணாச்சி ஒருத்தர்தான். அவரு கடைக்குப் பெட்டியத் துண்டுல சுத்தி எடுத்துட்டு ஓடுனான்.

"அண்ணாச்சி, எங்க மச்சானோடது. அவரு வாரதுக்குள்ள எப்பிடியாவது உயிர் வந்துரணும். இல்லன்னா எங்க அக்கா வாழ்க்க போயிரும்."

ஏசுதாசன் ஸ்க்ரூ டிரைவரச் சந்துல குடுத்து ஒரு நெம்பு நெம்புனாரு. பெட்டி ரெண்டாப் பொளந்தது. தண்ணி, எண்ணெ, ரப்பர்ல ஒட்டியிருந்த அரிசி ரெண்டு, பபுள்கம் எல்லாம் மேசைமேல வந்துச்சு. கேமராவ எடுத்துத் தொடச்சாரு. திருப்பிப் பாத்தாரு. அல்தாப்ப நிமிந்து பாத்தாரு.

"உவைஸ் மச்சினனா நீ?"

"ஆமா அண்ணாச்சி."

"பொண்டாட்டி சொல்லச் சொல்லக் கேக்காம அவரு இத அருவில கொண்டுபோயி முக்கி, எங்கிட்ட கொண்டாரும்போதே செத்துட்டுல்லா. இனி தேறாதுன்னு சொல்லித்தான் குடுத்துவிட்டேன்." அவரு கேமராவ மேசைல வச்சாரு. "நீ ஏம்ப்பா இவ்வளவு நாள் ஆக்குன? நேத்துகூட மனுசன் வந்து, 'கை எட்டுத எடத்துலதான் வச்சிருக்கேன், பய தொடவே மாட்டேங்கான் அண்ணாச்சி'ன்னு பொலம்பிட்டுப் போறாரு."