கல்லைக் கரைக்க ஒரு விளம்பரம்

"சார், கல்லு இன்னிக்கும் எந்திரிச்சுப் போயிட்டாரு!" என்றார் எடிட்டர்.

படம் பாதிகூட ஓடவில்லை. அதற்குள் ஆபீஸ் எலக்ட்ரீஷியன் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். விளம்பரம் எழுதியவர் படத்தை நிறுத்தச் சொன்னார்.

அவருக்கு ஆபீசில் 'அழுகாச்சி' என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. துணி சோப்பு விளம்பரத்துக்கே ஊரை அழவைத்த ஆள்! குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்ல அவரை விட்டால் யார்? ஆனால் முதலாளியம்மா ஒரு வில்லங்கம் வைத்திருந்தார்.

"நம்ம எலக்ட்ரீஷியன் தினம் ஊத்திக்கிட்டுத்தான் வண்டியை எடுக்கறாரு. எதுக்கும் அசையாத கல்லு. உங்க படத்துக்கு அவரு அசையணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அசையலேன்னா இந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை முதலில் போட்ட படம் என்னமாய் இருந்தது தெரியுமா! ரத்தமில்லை, மோதலில்லை. ஒரு சின்னப் பெண் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பென்சிலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். ஒவ்வொரு வண்டியும் தாண்டிப் போகிறது. கடைசியில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான். கணக்கர் முதல் வாட்ச்மேன் வரை மூக்கை உறிஞ்சினார்கள். முதலாளியம்மாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கல்லு மட்டும், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார்.

"ஏழு."

"ம்." எழுந்து போய்விட்டார்.

வயசுதான் இடிக்கிறது என்று அழுகாச்சி பெண்ணைத் தூக்கிவிட்டு ஒரு வயதான அம்மாவைப் போட்டார். அதற்குத்தான் இன்றைக்கு இந்த மரியாதை.

"பயம் காட்டணும்யா!" என்றார். வியாழக்கிழமை லாரியை மோதவிட்டு வாளி வாளியாகச் சிவப்புச் சாயம் கொட்டினார். டைப்பிஸ்ட் மயக்கம் போட்டு விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்புவதற்குள் கல்லு மாடிப்படி இறங்கிவிட்டார்.

வெள்ளி, மாலை ஆறு மணி. இந்தத் தடவை அம்மா, மனைவி, மூன்று குழந்தைகள், போதாக்குறைக்கு ஒரு நாய். பின்னால் பத்து வயலின்.

"சீக்கிரம் போடுங்க சார்," என்று கதவருகே நின்றபடியே சொன்னார் கல்லு. வயலினோடு சேர்ந்து நாய் ஊளையிட்டதுமே முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அழுகாச்சி திரும்பிப் பார்த்தார். கதவருகே ஆளைக் காணோம்.

"என்ன சார், வேற ஆளைப் பாக்கட்டுமா?" என்றார் முதலாளியம்மா.

அழுகாச்சி மாடிப்படி இறங்கி ஓடினார். வேலை போனால் போகட்டும். ஒரு மனுஷன் தினம் உயிரைப் பணயம் வைத்து வீட்டுக்குப் போகிறான், அவனைத் தன்னால் தொட முடியவில்லையே என்பதுதான் அவரைத் துரத்தியது. வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தார், இல்லை. தெருமுனையில் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தவரை எட்டிப் பிடித்தார்.

"அண்ணே, நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. என் படம் உங்களை ஒண்ணுமே பண்ணலையா?"

கல்லு கையை உதறினார்.

"மொதப் படம் பாத்த அன்னிக்கே வண்டிச் சாவியை எம்பொண்ணு கையில குடுத்துட்டேன் சார்! இப்ப விடுங்க, ஆறே கால் பஸ்ஸை விட்டுட்டா புள்ள வாசல்லயே நிக்கும்!"