கருங்காலி சுட்ட அறுபது ஸ்கோன்

கிளெம் ரஷ்வொர்த் மேஜையில் ஓங்கிக் குத்தினார். கோப்பைகள் துள்ளின.

"டீ விருந்து இல்லாம சங்கத்துக்கு ஆண்டு விழாவா? செயலாளர் நான் சொல்றேன். சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் மேஜைக்கு வந்தாகணும். வரும்!"

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் கமிட்டி ஆண்கள் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக அது எப்படி வந்தது என்பதும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கிளெமின் மனைவி ஐவிக்குத் தெரியும். மாவு பிசைவது, சுடுவது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் பெண்கள். அதனால் கமிட்டியில் பெண்களுக்கு இரண்டு இடம் வேண்டும் என்று அவள் மனு கொடுத்தாள். "கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று கிளெம் எழுதி அனுப்பினார். நாற்பது வருடமாகச் சுரங்க நிர்வாகம் அவருக்கு எழுதி அனுப்பிய அதே வாசகம். எழுதும்போது கை கூசவில்லை.

மறுநாளே பெண்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள்.

சனிக்கிழமை மதியம் ஐவி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"டோரிஸ் வீட்ல கூட்டம். முடிஞ்சதும் நேரா உங்க சங்க மன்ற வாசல்ல மறியல்."

"கட்டின புருஷன் வாசல்லயேவா?"

"மறியல்னு வந்துட்டா சொந்தபந்தம் பார்க்கக் கூடாதுன்னு மேடை மேடையா முழங்கினது யாரு?"

"ஏம்மா ஐவி, சும்மா கொஞ்சம் மாவு, கொஞ்சம் வெண்ணெய். இதுக்குப் போய் போராட்டமா?"

"நிலக்கரியும் சும்மா கல்லுதான், தோழரே."

கதவு சாத்திக்கொண்டது.

சமையலறை மேஜையைப் பார்த்த கிளெமுக்குச் சிரிப்பு வந்தது. மாவு டின், குளிர்ந்த வெண்ணெய், சர்க்கரை, வேலியோரம் பறித்த ஒரு கூடை பிளாக்பெர்ரிப் பழம். பக்கத்தில் ஒரு மஞ்சளேறிய தாள். அதில் பென்சிலால் எழுதிய செய்முறை. அடுப்பில்கூடத் தணல் இருந்தது. பாவம், போராட்ட அனுபவம் இல்லாதவள்! கருவிகளையெல்லாம் எதிரியிடம் விட்டுவிட்டு வேலைநிறுத்தத்துக்குப் போயிருக்கிறாள்.

சட்டையின் கையைச் சுருட்டும்போது மனசாட்சி லேசாக முனகியது. கிளெம் அதற்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கருங்காலி என்பவன் வேலைநிறுத்தத்தை உடைத்துக் கூலிக்கு உள்ளே போகிறவன். நான் கூலி வாங்கவில்லை. ஆகவே நான் கருங்காலி இல்லை. மனசாட்சி கைதட்டவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

'மாவை அதிகம் பிசையாதே' என்றது தாள். கிளெம் முதலாளி முகத்தை நினைத்துக்கொண்டு பிசைந்தார். 'டம்ளரால் வட்டமாக வெட்டு' என்றது. அழுத்தி, போல்ட் முடுக்குவது போலத் திருகித் திருகி வெட்டினார். அப்படித் திருகியதால் அடுப்பிலிருந்து வந்த அறுபது ஸ்கோனும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது பக்கம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஜாம் இன்னும் மோசம். 'ஜில்லென்ற தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளு. சுருக்கம் விழுந்தால் பதம்.' தட்டைக் குளிரவைக்கப் பொறுமை இல்லை. நேராகப் பாத்திரத்துக்குள் விரலை விட்டார். ஜாமில் சுருக்கம் விழவில்லை. அவர் முகத்தில் விழுந்தது. விரலில் கொப்புளம். மணிக்கட்டு வரை ஊதாச் சாயம். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

வாசலில் மறியல். கிளெம் கூடையோடு மன்றத்தின் பின்பக்கம், கரி கொட்டும் அறை வழியாக உள்ளே நுழைந்தார். நாற்பது வருடத்தில் அவர் மறியலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. குனிந்துதான் தாண்ட முடிந்தது.

ஆண்கள் மென்றார்கள். வெகுநேரம் மென்றார்கள். தட்டுச் சத்தம் கேட்டு வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஐவி ஒரு ஸ்கோனை எடுத்தாள். அதன் சாய்வைப் பார்த்தாள்.

"யார் சுட்டது?"

கிளெம் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்தார். "உங்கள்ல ஒரு நல்ல மனசுக்காரி. பேர் கேட்காதே."

அவர் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கண்களும் விதவை டோரிஸ் பக்கம் திரும்பின. மறியலுக்கு அவள்தான் அரைமணி தாமதமாக வந்தவள்.

"ஐயோ, நான் இல்லடி! முட்டி வலி, மெதுவாதான் நடந்து வந்தேன். கடவுள் மேல ஆணை!"

பக்கத்தில் இருந்தவள் நாற்காலியைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டாள். தரையில் அது கிறீச்சிட்டது. கிளெமுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருட வேலைநிறுத்தத்தில் எத்தனையோ பேரைச் சுற்றி அந்தச் சத்தத்தை எழுப்பியவரே அவர்தான்.

ஐவி முன்னால் வந்தாள். "ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். கருங்காலி யாரா இருந்தாலும் ஒரு வருஷம் அவங்களோட யாரும் பேசக் கூடாது. என் சொந்தச் சரக்கு இல்ல. தோழர் கிளெம் இருபத்தாறுல எழுதின துண்டறிக்கை. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. கிளெமின் கை மட்டும் பைக்குள்.

"என்ன தோழரே? எப்பவும் உங்க கைதானே முதல்ல எழும்?"

டோரிஸின் மோவாய் நடுங்கியது. அவள் யாரையும் பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டறிக்கையை எழுதும்போது கிளெம் இப்படியொரு மோவாயை நினைத்துப் பார்த்ததே இல்லை.

கையை வெளியே எடுத்தார். மெதுவாக உயர்த்தினார். ஊதா நிறக் கை. விரல் நுனியில் கொப்புளம்.

"டோரிஸ் இல்ல," என்றார். "நான்."

"அதான் என் கடவாய்ப் பல்லு ஆடுது," என்றார் ஒரு கிழவர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

பெண்களுக்கு இரண்டு இடம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு வருட மௌனமும் அப்படியே. இரண்டையும் செயலாளரே ஊதாக் கையால் குறிப்பேட்டில் பதிவு செய்தார்.

வீட்டில் கிளெம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார். "ஐவி, உன் மனுவுக்கு நான் எழுதின பதில்... அது தப்பு. டோரிஸ் விஷயம் அதைவிடப் பெரிய தப்பு. ஏதாவது திட்டேன்."

ஐவி பேசவில்லை. விதி விதிதான்.

மஞ்சள் தாளை எடுத்துத் திருப்பி வைத்தாள். மறுபக்கத்தில் பெரிய அச்செழுத்து: 'கருங்காலி யார்? எழுதியவர்: கிளெமென்ட் ரஷ்வொர்த்.' மதியம் முழுக்க அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் அவர் மாவு பிசைந்திருந்தார். ஐவி எந்தப் பொருளையும் மேஜையில் மறந்து வைக்கிறவள் அல்ல என்பது முப்பது வருடம் கழித்து அவருக்கு நினைவு வந்தது.

அவள் தாளை மறுபடி செய்முறைப் பக்கத்துக்குப் புரட்டி, அடியில் பென்சிலால் ஏதோ எழுதி, அவர் பக்கம் தள்ளினாள்.

'நாளை டோரிஸுக்கு ஒரு டஜன். டம்ளரைத் திருகாதே.'