தோற்பதற்கென்று ஒரு கட்டு

சொனொபே மறுபடியும் ஜெயித்துவிட்டார்.

மேஜைமேல் இருந்த சீட்டுகளை வெறித்துப் பார்த்தார். எதிரே மனைவி மித்சுயோ, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே ஆடியவள், தன் கையிலிருந்த ஐந்து சீட்டுகளையும் துண்டுகளின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

“இது ஆறாவது தடவை. எங்கிட்ட தோக்கறதுக்கே உங்களுக்கு வக்கில்ல. நீங்க போய் அந்த கஜிதானி கிட்ட எப்படித் தோப்பீங்க?”

“நீ கவனிச்சு ஆடணும் மித்சுயோ. டிராகனை வெச்சுக்கிட்டு தவளையை இறக்கறே.”

“தவளை அழகா இருக்கு.”

சொனொபே ஹிகாஷி ஒசாகாவில் ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலையின் விற்பனைப் பிரிவில் இருந்தார். அங்கே சுருளும் கம்பியில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கம்பெனிக்குப் போனது. அந்தக் கம்பெனியின் கொள்முதல் தலைவர்தான் கஜிதானி. வாடிக்கையாளரோடு கோல்ஃப் ஆடினால் தோற்க வேண்டும், மாஜாங் ஆடினால் தோற்க வேண்டும் என்பது சொனொபேக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தோற்றுத்தான் பதவி உயர்வு வாங்கியிருந்தார். ஆனால் இந்த கஜிதானி கோல்ஃப் ஆடுபவர் இல்லை. அவருக்கு ஒரே பைத்தியம் பூதச்சீட்டு. பள்ளிக்கூடத்தில் தொடங்கி இன்றுவரை விடாமல் ஆடுகிறாராம்.

அவரே ஒருநாள் போன் செய்து, உங்களோடு சாப்பிட்டு ரொம்ப நாள் ஆயிற்று, அப்படியே ஓர் ஆட்டம் போடலாமா என்று கேட்டிருந்தார். மேலாளர் எபிஹாரா போனை வைத்த கையோடு சொனொபேயைக் கூப்பிட்டார்.

“நீதான் ஆடணும். தோக்கணும். ஆனா வேணும்னே தோக்கறது தெரியக் கூடாது. அவர் பழம் தின்னு கொட்டை போட்டவர். நீ தப்பா ஒரு சீட்டு இறக்கினா உடனே கண்டுபிடிச்சிடுவார். அதனால தோல்வி உன் ஆட்டத்துல இருக்கக் கூடாது. கட்டுலயே இருக்கணும். நீ உயிரைக் குடுத்து ஆடணும், கட்டு உன்னைக் கவுக்கணும். புரியுதா?”

“அந்த ஆர்டர் போயிடுச்சுன்னா, சார்?”

“முதல்ல உன் வேலை போகும். அப்புறம் என்னுது. அப்புறம் மெஷின் பக்கம் இருக்கறவங்க.”

கடைகளில் கிடைக்கும் சீட்டுகளில் பிடித்த நாற்பதைப் பொறுக்கி அவரவர் ஒரு கட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருக்கும் பூதங்களை ஒவ்வொன்றாக இறக்கி எதிராளியை அடிக்க வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். உயிர் தீர்ந்தால் தோல்வி. எடுக்கச் சீட்டு இல்லாமல் கட்டுத் தீர்ந்துபோனாலும் தோல்வி. இவ்வளவுதான் விதி. சொனொபே நிப்பொன்பாஷியில் ஒரு சீட்டுக் கடைக்குப் போய், யாரும் தொடாத மட்டச் சீட்டுப் பெட்டியில் கைவிட்டு, இருப்பதிலேயே நோஞ்சான் பூதங்களாகப் பார்த்து நாற்பது எடுத்து வந்தார். அதை வைத்துத்தான் மனைவியை ஆறு முறை ஜெயித்தார்.

குறை கட்டில் இல்லை, மனைவியிடம்தான் என்று முடிவுசெய்து, புதன்கிழமை மாலை மறுபடி அந்தக் கடைக்கே போனார். கடையை நடத்துபவள் ஃபுசாயே. அறுபது வயது, புலித்தலை போட்ட பனியன், யார் வந்தாலும் கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பாள். சொனொபே விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். யாரிடம் தோற்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“நாப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன் தம்பி. ஜெயிக்கறதுக்குக் கட்டு கட்டித் தாங்கன்னு ஊரே வரும். நீங்க பரவால்ல. மிட்டாய் இன்னொண்ணு எடுத்துக்கோங்க.”

கடையின் பின்பக்க மேஜைகளில் ஆடுகிறவர்கள் இருந்தார்கள். வேலை முடிந்து வந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் சொனொபேயோடு உட்கார்ந்தார். இரண்டே நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. சொனொபே தோற்றுவிட்டார். எழுந்து நின்று நன்றி சொல்லிக் கும்பிட்டார்.

ஃபுசாயே தலையை ஆட்டினாள்.

“விருந்து எவ்வளவு நேரம்?”

“மூணு மணி நேரம் இருக்கும் அக்கா.”

“ரெண்டு நிமிஷத்துல தோத்துட்டு மிச்ச நேரம் ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க? மனுஷன் தன்னை அவமானப்படுத்திட்டாங்கன்னு நெனப்பாரு. இழுத்துப் பிடிச்சுத் தோக்கணும் தம்பி. தாங்கற மாதிரி ஏதாவது போடுங்க.”

சொனொபே பத்து நத்தைகளைச் சேர்த்தார். நத்தை யாரையும் அடிக்காது. அடி வாங்கிக்கொண்டு குறுக்கே படுத்திருக்கும், அவ்வளவுதான். அடுத்த புதன் அதே டாக்சி ஓட்டுநர் டிராகனை இறக்கினார், நத்தை குறுக்கே படுத்தது. ராட்சதனை இறக்கினார், இன்னொரு நத்தை படுத்தது. ஒரு மணி நேரம் அடித்து அடித்து ஓட்டுநரின் கட்டுத்தான் முதலில் தீர்ந்துபோனது. எடுக்கச் சீட்டு இல்லை.

“நான் தோத்துட்டேனா?” என்று ஓட்டுநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “நத்தை கிட்டயா?”

பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்கள்.

சொனொபே அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. நத்தையை ஐந்தாகக் குறைத்தார். அதோடு தன் உயிரைத் தானே குடிக்கும் சீட்டு ஏதாவது உண்டா என்று தேடி, தரித்திர தெய்வத்தைக் கண்டுபிடித்தார். கிழிந்த கோவணமும் உடைந்த விசிறியுமாக நிற்கும் பூதம். அது யார் பக்கம் நிற்கிறதோ அவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று உயிர் போகும். அதை யாரும் கட்டில் வைப்பதில்லை. சொனொபே மூன்று வைத்தார். கூடவே குடிமாற்றம் என்று ஒரு சீட்டு. இருவரும் கடைசியாக இறக்கிய பூதங்கள் பக்கம் மாறிவிடும். மிச்சமிருக்கும் நத்தைகளை எதிராளிக்கே தானம் செய்துவிடலாம் என்று கணக்கு.

தோற்றுப் பழக வேண்டும் என்பதற்காகவே கடையின் புதன்கிழமைப் போட்டியில் பெயரைக் கொடுத்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் நத்தைகள் தோற்க விடவில்லை. கடைசி ஆட்டம். நல்லவேளையாக எதிரே பெரிய ஆட்டக்காரர். டிராகன் வந்தாயிற்று. சொனொபேக்கு மிச்சம் நாலு உயிர். நத்தையைத் தள்ளிவிட்டால் முடிந்தது என்று நிம்மதியாகக் குடிமாற்றத்தை வைத்தார். நத்தைக்குப் பிறகு தரித்திரத்தை இறக்கியதை மறந்துவிட்டார்.

தரித்திரம் எழுந்து அந்தப் பக்கம் போனது. டிராகன் இந்தப் பக்கம் வந்தது.

யாரோ கைதட்டினார்கள். தோற்றவர் சொனொபேயிடம் மிகுந்த மரியாதையோடு, இந்த இரண்டு சீட்டையும் சேர்க்கலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். டாக்சி ஓட்டுநர், இந்தக் கடையில் இவரிடம் முதலில் தோற்றவன் தான்தான் என்று பெருமையாகச் சொன்னார். ஃபுசாயே படம் எடுத்து, வெற்றியாளர் சுவரில் ஒட்டினாள். ஒரு வாரத்துக்குள் நிப்பொன்பாஷியில் தரித்திர தெய்வத்துக்குத் தட்டுப்பாடு.

“அக்கா, அந்தப் படத்தை எடுத்துடுங்க. நான் ஜெயிச்சது வெளிய தெரிஞ்சா குடும்பம் தெருவுக்கு வந்துடும்.”

“எடுத்தா சுவத்துல பெயின்ட் வந்துடும்,” என்று அவள் அவர் முகத்தின் மேல் தள்ளுபடி அறிவிப்பு ஒன்றை ஒட்டினாள். “இங்க பாருங்க தம்பி. கட்டை மாத்தி மாத்தி அதுக்கு நீங்களே கொம்பு சீவி விடறீங்க. இனிமே ஒரு சீட்டையும் தொடாதீங்க. கையில இருக்கறது எதிராளிக்குத் தெரியாது இல்ல? குடிமாற்றம் வந்தா வராத மாதிரி கையிலயே வெச்சுக்கோங்க. தரித்திரம் உங்களைத் தின்னுட்டுப் போகட்டும். மூஞ்சி மட்டும் காட்டிக் குடுக்கக் கூடாது.”

முகத்துக்கு மித்சுயோ பொறுப்பேற்றாள். தினமும் சாப்பாடு ஆனதும் எதிரே உட்காரவைத்து ஒரு சீட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

“குடிமாற்றம்.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“காது செவக்குது. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட பொய் சொன்னப்பவும் இப்படித்தான் செவந்துது. அவரு மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டாரு.”

“சொல்லியும் கட்டிக் குடுத்தாரா?”

“காதுலயாவது உண்மை இருக்கேன்னாரு.”

கடைசியில் காதை மறைக்கிற அளவுக்கு முடி வளர்ப்பது என்று முடிவாயிற்று.

விருந்து நண்டுக் கடையின் தனி அறையில். கஜிதானி ஒல்லியான, கூச்சமான மனிதர். பேசும்போது சாப்பாட்டுக் குச்சிகளின் நுனியை நேராக்கிக்கொண்டே இருந்தார். ஆட்டம் தொடங்கியதும் சொனொபேக்கு வியர்த்தது. மனிதர் படுமோசமாக ஆடினார். பெரிய பூதத்தை நத்தைமேல் மோதவிட்டு வீணாக்கினார். அடிக்க வேண்டிய நேரத்தில் நண்டுக் காலை உடைத்துக்கொண்டு மறந்துபோனார். சொனொபே ஆச்சரியப்படவில்லை. முப்பது வருடம் கோல்ஃப் ஆடியும் பந்தைத் தொட முடியாத வாடிக்கையாளர்களைப் பார்த்தவர் அவர். ஆனால் இவ்வளவு மட்டமாக ஆடும் ஒருவரிடம் தோற்பதுதான் எத்தனை பெரிய உழைப்பு. எபிஹாரா நண்டை உரிப்பதை நிறுத்திவிட்டு அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக கஜிதானிக்கு இரண்டு உயிர், சொனொபேக்கு மூன்று என்று வந்தது. தரித்திரம் சொனொபே பக்கம். கையில் இருந்த ஒரே சீட்டு குடிமாற்றம். அதை வைத்தால் வெற்றி. வைக்காவிட்டால் இந்தச் சுற்றோடு கதை முடிந்தது. முடிக்குள் காது கொதித்தது.

“தோத்துட்டேன் சார். கையில ஒண்ணுமில்ல.”

கஜிதானி முன்னால் சாய்ந்தார். “நிஜமாவா? நல்லாப் பாருங்க சொனொபே. அவசரமே இல்ல.”

“இல்ல சார்.”

“ஒண்ணுமே இல்லையா?”

எவ்வளவு நல்ல மனசு, என்று சொனொபே நெகிழ்ந்துபோனார். கஜிதானி ஜெயித்தவர் மாதிரியே இல்லை. அடக்கம் என்றால் அது அடக்கம். கோப்பையை நிரப்பினார், குச்சிகளை நேராக்கினார், உங்களிடம் ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும் என்று ஆரம்பித்தார். எபிஹாரா மேஜைக்கடியில் சொனொபேயின் தொடையைக் கிள்ளினார். பிறகு கஜிதானியே, இல்லை, இன்றைக்கு வேண்டாம், இன்னோர் ஆட்டம் ஆடிவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த மாதமும் ஆர்டர் வழக்கம்போல் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு விருந்து, இன்னொரு தோல்வி, இன்னோர் ஆர்டர். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அந்த முக்கியமான விஷயம் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அது புதிய, பெரிய ஆர்டர் என்பதில் எபிஹாராவுக்குச் சந்தேகமே இல்லை. நாலாவது விருந்துக்கு நாள் குறித்ததும் சொனொபேயைக் கூப்பிட்டார்.

“மூணு தடவை தோத்தாச்சு. இதுக்கு மேல தோத்தா நடிப்புன்னு தெரிஞ்சிடும். அவருக்கும் சலிச்சுப் போயிருக்கு, அதான் விஷயத்தைச் சொல்ல மூடு வரலை. இந்த வாட்டி ஜெயிச்சுடு.”

சொனொபேயின் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு உத்தரவு வந்ததில்லை. மாலையே ஒரு பெட்டி இனிப்போடு ஃபுசாயேயின் கடையில் போய் நின்றார். காது தெரியும்படி முடியை வெட்டியிருந்தார்.

“அக்கா, இப்ப எனக்கு ஜெயிக்கணும். இருக்கறதுலயே பலமான கட்டா கட்டித் தாங்க. தரித்திரம், குடிமாற்றம் எல்லாம் நாலு நாலு வெச்சுடுங்க. கஜிதானி சார் என்ன ஆட்டம் ஆடினாலும் தப்பிக்கக் கூடாது.”

சீட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஃபுசாயேயின் கை நின்றது.

“எந்த கஜிதானி? ஒல்லியா, கூச்சமா, குச்சியை நேராக்கிட்டே பேசுவாரே, அவரா?”

“அவரேதான். தெரியுமா?”

ஃபுசாயே இனிப்புப் பெட்டியை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.

“ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு தம்பி. நாலு மாசமா, இதைவிட மட்டமா ஒரு கட்டு கட்டித் தாங்கக்கான்னு உயிரை வாங்கறாரு. ஸ்பிரிங் கம்பெனிக்காரர் ஒருத்தர் ரொம்ப நல்லவராம், அவரை ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வெச்சு, அந்தச் சந்தோஷத்துல இருக்கறப்பதான் உங்க சரக்கு இனிமே வேண்டாம்னு சொல்லணுமாம்.”