கரடி கூரையைக் கழற்றிய கதை

ஒரு காட்டில், மனிதர்கள் கட்டிவிட்டு மறந்துபோன பழைய குவார்ட்டர்ஸ் ஒன்று இருந்தது. அணை கட்ட வந்தவர்கள் தங்குவதற்காகக் கட்டியது. அணை வரவில்லை, ஆட்களும் போய்விட்டார்கள், வீடுகள் மட்டும் நின்றன. மழைக்குப் பயந்த விலங்குகள் ஒவ்வொன்றாகக் குடியேறின. வீரம், நட்பு, தியாகம் என்று உயர்வாக ஏதாவது சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நான் பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்டவனிடம் வேறு கதை இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வீட்டில் பொம்மையன் என்கிற கரடியும் அவன் மனைவி நீலியும் இருந்தார்கள். நீலி முழுகாமல் இருந்தாள். குட்டி பிறப்பதற்குள் வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று பொம்மையன் கிளம்பினான். தன் கையால் ஆகாத வேலை இல்லை என்பது அவன் நம்பிக்கை. போன வருஷம் முன்கதவை அவன்தான் மாட்டினான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் எல்லோரும் ஜன்னல் வழியாகத்தான் போய்வந்தார்கள்.

"வாங்க வாங்க, இப்படி ஏறிக் குதிங்க" என்பான் வருகிற விருந்தாளிகளிடம். "கதவு நான் மாட்டினது. ரொம்ப உறுதி. எனக்கே திறக்க வரல."

முதலில் சுவரில் கை வைத்தான். பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. உப்புத்தாளை வைத்துக் கரகரவென்று தேய்த்தான். வீடு முழுக்கப் பச்சைப் புகை. கையை நக்கிப் பார்த்தவன் நின்றான்.

"நீலி, இங்க வாயேன். இந்தப் பெயின்ட் இனிக்குது!"

"பெயின்ட் எதுக்குங்க இனிக்கணும்?" என்றாள் நீலி.

இன்னொரு முறை நக்கிப் பார்த்தால் தெரியலாம் என்று பொம்மையன் கையைத் தூக்கினான். நீலி தட்டிவிட்டாள்.

அன்றைக்கு அவளை டாக்டரிடம் காட்டுகிற நாள். டாக்டர் மாதங்கி, யானை. வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "குட்டி நல்லா இருக்கு" என்றாள். பிறகு பொம்மையனின் மூக்கைப் பார்த்தாள்.

"அது என்ன பச்சை?"

"பெயின்ட், டாக்டரம்மா. வீட்டை நானே புதுசு பண்றேன். இனிப்பா இருக்கு."

மாதங்கியின் தும்பிக்கை அப்படியே நின்றது. "பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். அதான் இனிக்குது. அந்தத் தூசி உள்ள போனா குட்டியோட மூளைக்கு ஆகாது. நீலி அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது. சரி, கூரை என்ன? சாம்பல் நிறமா, அலை அலையா இருக்கா?"

"ஆமா. ரொம்ப நல்ல கூரை. நாளைக்கு அதையும் உடைச்சு எடுத்துடலாம்னு..."

"உடைக்கக் கூடாது!" யானை போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த முயல்களில் பாதி தங்கள் வீட்டுக்குப் போய்விட்டன. "அது ஆஸ்பெஸ்டாஸ். சும்மா கிடக்கிற வரைக்கும் சாது. உடைச்சா கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாப் பறக்கும். நுரையீரல்ல போய் உட்கார்ந்துக்கும், வெளிய வராது. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பல வருஷம் கழிச்சு மூச்சு வாங்கும், அப்போ மருந்து கிடையாது."

எப்படிக் கழற்ற வேண்டும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். சோப்புத் தண்ணீர் அடித்து ஈரமாக்கிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். அறுக்கக் கூடாது, துளைக்கக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. கெட்டி பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேலே என்ன பொருள் என்று எழுத வேண்டும். கீழே விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் கட்டி வைக்க வேண்டும். சுவரையும் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். முகத்தில் தூசி புகாத நல்ல மாஸ்க் போட வேண்டும். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது.

"மாஸ்க் முகத்தோட ஒட்டி நிக்கணும்" என்றாள் மாதங்கி. "நடுவுல முடி இருந்தா தூசி உள்ள வந்துடும்."

கரடிக்கு முகத்தில் முடியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பொம்மையன் அன்று சாயங்காலமே முகத்தை மழித்துக்கொண்டான். ஓடைத் தண்ணீரில் பார்த்தான். நாவல்பழத்துக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கேன்?"

நீலி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "குட்டி பிறக்கறதுக்குள்ள வளர்ந்துடும் இல்ல?" என்றாள். பிறகு துணிமூட்டையை எடுத்துக்கொண்டு தன் அம்மாவின் குகைக்குப் போனாள்.

கூரை வேலைக்குக் குரங்கு மேஸ்திரி கொண்டையன் வந்தான். காட்டில் பாதிக் கூரைகளைக் கழற்றியவன் அவன். பெரிய சுத்தியலோடு வந்தவன், பொம்மையன் வைத்திருந்த மாஸ்க்கையும், செடிக்கு மருந்தடிக்கிற பம்பில் கலக்கி வைத்திருந்த சோப்புத் தண்ணீரையும் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, ஷீட்டைக் குளிப்பாட்டப் போறீங்களா? ரெண்டு போடு போட்டா எல்லாம் கீழ வந்துடும். நாங்க காலங்காலமா இப்படித்தான் பண்றோம். எங்களுக்கு என்ன ஆச்சு?"

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். பொம்மையன் தண்ணீர் கொடுத்தான்.

"இது எப்ப இருந்து?"

"இதுவா, கொய்யாக்கா தின்னா வர்ற இருமல். எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு."

"அண்ணன் இப்ப எங்க?"

கொண்டையன் சுத்தியலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். "போன மழைக்கு முன்னாடி போயிட்டான். கடைசியில ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவ மூச்சு இல்ல. கொய்யாக்காதான்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க அண்ணனுக்குக் கொய்யாக்காயே பிடிக்காது."

பிறகு கொண்டையன் கையை நீட்டி மாஸ்க்கை வாங்கினான். "இதுக்கு முகத்தை மழிக்கணுமா? என் சம்சாரம் வீட்டுக்குள்ள விடமாட்டா, பரவாயில்லையா?"

வேலை சுத்தமாக நடந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் காட்டிலேயே சரியாக நடந்த முதல் வேலை அதுதான். காரணம், பொம்மையனைக் கொண்டையன் எதையும் தொடவிடவில்லை. "நீங்க பம்பு அடிங்க அண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டான். ஒரு ஷீட்டும் உடையவில்லை. எல்லாவற்றையும் சுற்றி, ஒட்டி, அடுக்கி வைத்தார்கள். மேலே பொம்மையன் சிவப்பு மையில் பெரிதாக எழுதினான்: ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸ். பிரிக்காதீர்கள்.

இங்கே நீதிக்கதை முடிந்திருக்க வேண்டும். நல்ல கதாசிரியர்கள் முடித்துவிடுவார்கள்.

பொம்மையன் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கழிவுத் துறை அலுவலகத்துக்குப் போனான். வரிசையில் நின்று நின்று அவன் முகத்தில் முடி முளைக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே மேஜைக்குப் பின்னால் எருமை உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஆஸ்பெஸ்டாஸா? நம்ம காட்டுல ஆஸ்பெஸ்டாஸே கிடையாதே."

"சார், வீட்டுக்கு வீடு கூரை அதுதானே?"

"இருக்கலாம். ஆனா இதுவரைக்கும் யாரும் கொண்டுவந்து தந்ததில்ல. தராத பொருள் எப்படி இருக்கும்?"

"நான் கொண்டுவந்திருக்கேனே?"

"அதான் பிரச்சனை. நல்லா இருந்த காட்டுக்குள்ள ஆஸ்பெஸ்டாஸைக் கொண்டுவந்திருக்கீங்க." எருமை ஒரு முறை அசைபோட்டு விழுங்கியது. "உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. ஓடைக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு. எல்லாரும் உடைச்சு அங்கதான் தள்ளறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அடுத்தது யாரு?"

பொம்மையன் வண்டியைப் பள்ளத்துக்கு ஓட்டினான். உண்மையிலேயே ஓட்டினான். நிறுத்தி, ஒரு மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு விளிம்புக்குப் போனான். கீழே உடைந்த ஷீட்டுகள் வெள்ளையாகக் கிடந்தன. அவற்றின் மேல் நீர்நாய்க் குட்டிகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சறுக்கலுக்கும் மெல்லிய புகை எழுந்து வெயிலில் மினுங்கியது.

"மாமா, நீங்களும் புது சறுக்கு கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டது ஒரு குட்டி.

"இல்லடா. அங்க விளையாடாதீங்க, வெளிய வாங்க, வாங்க!" என்று கத்தினான். அவை வரவில்லை. முகம் மழித்த கரடி சொல்வதை யார் கேட்பார்கள்? பல்லைக் காட்டி உறுமினான். அதற்கு ஓடின. ஓடியவை திரும்ப எத்தனை நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மூட்டையை மறுபடியும் வண்டியில் ஏற்றினான்.

வீட்டு வாசலில் மூட்டைகளை அடுக்கி வைத்ததும் அக்கம்பக்கம் கூடிவிட்டது. தங்கள் தலைக்கு மேல் அதே ஷீட் விரிசல் விட்டு உதிர்ந்துகொண்டிருக்க, அத்தனை பேரும் பொம்மையனின் சிவப்பு எழுத்தைப் பார்த்து நடுங்கினார்கள். ஆபத்தான பொருள் வைத்திருப்பவன் குவார்ட்டர்ஸில் இருக்கக் கூடாது, பௌர்ணமிக்குள் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

பொம்மையன் மாமியார் குகைக்குப் போய் நீலியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் உருப்படியாப் பண்ணின ஒரே வேலை நீலி இது. இதுக்குத்தான் வீட்டை விட்டுத் துரத்தறாங்க. கதவை மாட்டினப்போகூட யாரும் ஒண்ணும் சொல்லல."

நீலி வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள். "பௌர்ணமிக்கு முன்னாடி தலைவர் புலி ஐயாவுக்குப் பிறந்தநாள் வருது இல்ல? வர்ற பரிசையெல்லாம் என்னங்க பண்ணுவாங்க?"

"பாறைக் கிடங்குல வெச்சுப் பூட்டிடுவாங்க. அவர் எதையும் பிரிக்கிறதே இல்லையாம்."

"உள்ள யாராவது போவாங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை திறப்பாங்க, உள்ள தள்ளுவாங்க, கல்லை வெச்சு மூடுவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "நீலி, அது தப்பு."

"காய்ஞ்ச இடம். மழை படாது. யாரும் தொட மாட்டாங்க. சும்மா கிடக்கிற வரைக்கும் சாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே? ஆபத்துன்னு எழுதினதை அழிக்க வேண்டாம். அதுக்கு மேல நல்ல தாளா ஒண்ணைச் சுத்துங்க."

பிறந்தநாளன்று பொம்மையன் மூட்டைகளோடு வரிசையில் நின்றான். பரிசுகளை வாங்கிக்கொண்டிருந்தது புலியின் செயலாளர் நரி. தங்கநிறத் தாள் சுற்றிய பெரிய பெரிய மூட்டைகளைப் பார்த்ததும் அதன் வால் நிமிர்ந்தது.

"உள்ள என்ன?"

பொம்மையனுக்குப் பொய் சொல்ல வராது. "எங்க வீட்டுல இத்தனை நாளா தலைக்கு மேல வெச்சிருந்த பொருள், செயலாளர் ஐயா."

"அடடா!"

"வெறுங்கையால தொட்டதே இல்ல. தண்ணி தெளிச்சு, முகத்தை மழிச்சு, வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இறக்கினோம்."

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்ல."

"தயவுசெஞ்சு பிரிச்சுடாதீங்க. பிரிச்சா ரொம்பக் கெடுதல்."

"யாருய்யா பிரிக்கப் போறா? பிரிச்சுப் பார்த்தா எல்லாத்துக்கும் தனித்தனியா நன்றி சொல்லணும்" என்றது நரி. மூட்டைகள் பாறைக் கிடங்குக்குள் போயின. கல் நகர்ந்து மூடிக்கொண்டது. அந்தக் காட்டில் அன்றுவரை எந்த ஆபத்தான பொருளும் அத்தனை பாதுகாப்பாக வைக்கப்பட்டதில்லை.

அத்தனை பெரிய பரிசு தந்ததற்காக மறுநாள் பொம்மையனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாதி முடி முளைத்த முகத்தோடு மேடையில் நின்றவனைப் புலியே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்து, "இது என்ன விலங்கு?" என்று நரியிடம் கேட்டதாகச் சொல்வார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்கள் முன்வரிசையில் கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, அந்தப் பொருள் எங்க கிடைக்கும்?"

"உங்க கூரையைப் பாருங்க" என்றான் பொம்மையன்.

அதற்குப் பிறகு கொண்டையனுக்கு ஓய்வே இல்லை. தலைவரின் அடுத்த பிறந்தநாளுக்கென்று வீட்டுக்கு வீடு கூரை இறங்கியது. உடைந்த ஷீட்டைத் தலைவருக்குக் கொடுக்க முடியுமா? அதனால் ஒருவரும் உடைக்கவில்லை. தலைவர் பரிசின் மேல் இருமலாமா? அதனால் எல்லோரும் முகத்தை மழித்து மாஸ்க் போட்டார்கள். பள்ளத்தில் கிடந்த துண்டுகளைக்கூட நனைத்துப் பொறுக்கி, பையில் போட்டு, "சிறு காணிக்கை" என்று எழுதி வைத்தார்கள். கொண்டையனின் இருமல் மட்டும் போகவில்லை. அவன் இப்போது அதற்குக் கொய்யாக்காயைக் குறை சொல்வதில்லை. மாஸ்க் இல்லாமல் ஏணியில் ஏறுகிற பொடிக் குரங்குகளைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினான்.

நீலிக்குப் பெண்குட்டி பிறந்தது. பார்க்க வந்த மாதங்கி டாக்டர், வழியெல்லாம் மழித்த முகங்களையும், நனைந்த கூரைகளையும், வாசல்தோறும் அடுக்கியிருந்த தங்கநிற மூட்டைகளையும் பார்த்து அசந்துபோனாள்.

"தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன் பொம்மையா. கூட்டம் போட்டேன், படம் வரைஞ்சு மாட்டினேன், ஒரு எலிகூடக் கேட்கல. இப்ப எப்படி?"

பொம்மையன் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னான். திட்டு விழும் என்று காத்திருந்தான். மாதங்கி காதை ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தலைவருக்குப் பிறந்தநாள் வருஷத்துக்கு ஒண்ணுதான் வருதா?"

நீதி: ஆபத்தான பொருளை நனைத்து, உடைக்காமல் கழற்றி, இரண்டு சுற்றுச் சுற்றி, பத்திரமாக ஒட்டவும். 'ஆபத்து' என்று எழுதினால் உங்களை ஊரைவிட்டுத் துரத்துவார்கள். 'அன்பளிப்பு' என்று எழுதவும்.