காலி நாற்காலியில் சாமி

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் தங்கையை அங்கே நலமாக வைத்திருப்பதற்கு நன்றி. இனி அந்தச் சிரமம் வேண்டாம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று ஒரு காலி நாற்காலியின் முன்னால் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டைக் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்க, கைகட்டி நின்றேன். எல்லாம் உங்களால்தான். துவைக்கும் இயந்திரத்தின் கதவை நான் கோபத்தில் பெயர்த்தெடுத்த அன்று அவள் பெட்டியோடு அங்கே வந்தாள். மனநல ஆலோசகரைப் பார்க்காமல் அவளை அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் கறாராகச் சொல்லிவிட்டீர்கள். போனேன். மருந்துக்கடை மாடியில் சின்ன அறை, இரண்டு பிரம்பு நாற்காலி, அழுவதற்குத் தயாராகக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. "யார் மேல சார் கோபம்?" என்றார் ஆலோசகர் அம்மா. பதவி உயர்வு கைநழுவியதிலிருந்து சாமி மேலதான், கும்பிடுவதையே விட்டுவிட்டேன் என்றேன். உடனே தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவர் இதுல உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுக்கிட்டுத் திட்டித் தீர்த்துடுங்க."

நானும் எழுந்துவிட்டேன்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க?"

"அவர் வந்திருக்கும்போது கால்மேல கால் போட்டுக்கிட்டா இருக்க முடியும்?"

"சும்மா கற்பனைதான் சார்."

"நம்பாமலா மேடம் கூப்பிட்டீங்க?"

ஆலோசகர் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, நீங்களே அந்த நாற்காலிக்கு மாறி, சாமியாக இருந்து பதில் சொல்லுங்கள் என்றார். வைத்தியமாம்! மேலாளர் நாற்காலிக்கே கொடுத்துவைக்காதவன் நேரே அங்கேயா போய் உட்காருவது? மாட்டவே மாட்டேன் என்று நான் சாதிக்க, பொறுமையிழந்து அவரே உட்கார்ந்துகொண்டு, "சரிப்பா, உனக்கு என்னதான் வேணும்?" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ மச்சான், திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்து, "அவ வீட்டுக்கு வரணும். அவ இல்லாம சமையலறை லைட்டைப் போடவே பிடிக்கலை" என்று விக்கி விக்கி அழுதேன்.

"இதை அவகிட்ட சொன்னியா?"

"உங்ககிட்ட சொல்லிட்டேனே, நீங்களே சொல்லிடுங்க!"

கோபம் அடியோடு போய்விட்டது. அவளை அனுப்பிவையுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, என்னைக் கண்டாலே குரைக்கும் உங்கள் நாய்க்கும் என் மனமார்ந்த மன்னிப்பு.

இப்படிக்கு,
சாந்தமே உருவான
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போதே அவள் வந்து இறங்கிவிட்டாள். சாமி சொல்லிவிட்டார் பார்த்தாயா என்றேன். ஆலோசகர் அம்மா போன் பண்ணினார் என்றாள். சாமிதான், போன்தான் என்று பேச்சு முற்றியதில் அந்தப் போனைச் சுவரில் அடித்துவிட்டேன். சாயங்கால பஸ்ஸில் அங்கே வருகிறாள். இந்தக் கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.